கனரக குண்டுவீச்சு விமானங்கள், 1936–1945: வடிவமைப்பும் போர்க்கால உற்பத்தித் திட்டமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஒப்பிடும்போது வேகம், உயரம், குண்டுச்சுமை, துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி மதிப்பெண் போடுவது வழக்கமாகிவிட்டது. நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானங்களைப் பொறுத்தவரை அந்த அட்டவணை பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த மாதத்தில், எத்தனை விமானங்களைத் தர முடிந்தது, அவற்றில் பறக்க எத்தனை பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பவற்றையும் சேர்த்தே ஒரு வடிவமைப்பை எடைபோட வேண்டும் என்ற கருத்தில் கீழ்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கனரக குண்டுவீச்சு விமானம் என்று எதைச் சொல்கிறோம்?

அன்றைய வழக்கில், பல டன் குண்டுகளை நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குச் சுமந்து சென்று திரும்பக்கூடிய விமானம், பெரும்பாலும் நான்கு எஞ்சின் கொண்டது. பிரிட்டனின் ஸ்டிர்லிங், ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர், அமெரிக்காவின் பி-17, பி-24 ஆகியவை இந்த வகையின் முதன்மை எடுத்துக்காட்டுகள். பி-29 இவை எல்லாவற்றையும்விட ஒரு தலைமுறை முன்னேறியது. சோவியத் ஒன்றியத்தின் பெ-8 இதே வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், நூற்றுக்கும் குறைவாகவே கட்டப்பட்டது.

லங்காஸ்டர், பி-17 இரண்டில் எது சிறந்தது?

இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்பவரை நம்ப வேண்டாம், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்காக உருவானவை. லங்காஸ்டரின் வயிற்றுப் பகுதியில் 33 அடி நீளத்துக்குத் தடுப்பே இல்லாத ஒரே குண்டு அறை இருந்தது. 14,000 பவுண்டு சுமையை அது வழக்கமாகவே ஏற்றியது. பின்னாளில் மாற்றியமைக்கப்பட்ட சில விமானங்கள் 22,000 பவுண்டு எடையுள்ள ஒரே குண்டைக்கூடச் சுமந்தன. பி-17இன் குண்டு அறை சிறியது. ஜெர்மனியின் உட்பகுதிக்குச் சென்றபோது அது 4,000 முதல் 6,000 பவுண்டு வரைதான் எடுத்துச் சென்றது.

ஆனால் பி-17 பட்டப்பகலில், அணிவகுப்பாக, 25,000 அடியை ஒட்டிய உயரத்தில் பறப்பதற்கென்று அமைந்தது. அதற்காக ஒவ்வொரு எஞ்சினுடனும் டர்போ சூப்பர்சார்ஜர், அதாவது உயரத்தின் மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தரும் கருவி, பொருத்தப்பட்டது. பத்துப் பேர் கொண்ட குழுவும், பிற்கால ஜி வகையில் 13 கனரக இயந்திரத் துப்பாக்கிகளும், அவற்றுக்கான தோட்டாக்களும் சேர்ந்து குண்டுக்குரிய எடையை எடுத்துக்கொண்டன. லங்காஸ்டர் இருளையே கவசமாகக் கொண்டு பறந்தது. அதில் ஏழு பேர், ஒரே ஒரு விமானி. அதன் துப்பாக்கிகள் பி-17இன் துப்பாக்கிகளைவிடச் சிறியவை. கீழிருந்து வரும் எதிரியைப் பார்ப்பதற்குப் பெரும்பாலான விமானங்களில் வழியே இல்லை. லங்காஸ்டரைப் பகலில் தனியே அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 1942 ஏப்ரலில் ஆக்ஸ்பர்க் தாக்குதல் காட்டியது: சென்ற பன்னிரண்டில் ஏழு திரும்பவில்லை. ஆகவே குண்டுச்சுமையை மட்டும் வைத்து லங்காஸ்டரை உயர்த்துவதும், துப்பாக்கிகளை மட்டும் வைத்து பி-17ஐ உயர்த்துவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

ஒரே நாடு, ஒரே காலத்தில், மூன்று வெவ்வேறு கனரக விமானங்களைக் கட்டியது ஏன்?

1936இல் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் இரண்டு விவரக்குறிப்புகளை வெளியிட்டது. ஒன்று நான்கு எஞ்சின் விமானத்துக்கானது. அதிலிருந்து ஷார்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டிர்லிங் வந்தது. மற்றொன்று இரண்டு பெரிய எஞ்சின் கொண்ட விமானத்துக்கானது. அதற்காக அவ்ரோ நிறுவனமும் ஹேண்ட்லி பேஜ் நிறுவனமும் வரைபடம் போட்டன. போர் எப்போது வரும், எந்த எஞ்சின் வெற்றி பெறும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், ஒரே வடிவமைப்பை நம்பி நாட்டின் முழுத் திறனையும் அதில் போடாமல் இருந்தது வீண் செலவு ஆகாது. பின்னர் நடந்தவை அந்த எச்சரிக்கையை நியாயப்படுத்தின.

இரண்டாவது விவரக்குறிப்பு ரோல்ஸ்-ராய்ஸ் வல்ச்சர் என்ற புதிய எஞ்சினை நம்பியிருந்தது. அந்த எஞ்சின் போதிய எண்ணிக்கையில் வருமா என்ற ஐயத்தால் 1937இலேயே ஹேண்ட்லி பேஜ் விமானம் நான்கு மெர்லின் எஞ்சின்களுக்கு மாற்றப்பட்டது; அதுவே ஹாலிஃபாக்ஸ். அவ்ரோ வல்ச்சருடனேயே தொடர்ந்து மான்செஸ்டர் விமானத்தைக் கட்டியது. பறந்துகொண்டிருக்கும்போதே செயலிழந்த வல்ச்சர் எஞ்சின்கள் பல குழுக்களின் உயிரைப் பறித்தன. ஏறத்தாழ 200 விமானங்களோடு மான்செஸ்டர் உற்பத்தி நின்றது.

இந்தத் தோல்வியிலிருந்து லங்காஸ்டர் பிறந்த விதம் உற்பத்தித் திட்டத்தின் பார்வையில் மிகவும் படிக்கத்தக்கது. தலைமை வடிவமைப்பாளர் ராய் சாட்விக் மான்செஸ்டரின் உடற்பகுதியையும் நடு இறக்கையையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளி இறக்கைகளை நீட்டி, நான்கு மெர்லின்களைப் பொருத்தினார். 1941 ஜனவரி 9 அன்று முதல் விமானம் பறந்தது. 1942 மார்ச்சில் போரில் இறங்கியது. மான்செஸ்டருக்காகச் செய்து வைத்திருந்த ஜிக்குகளில், அதாவது பாகங்களைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்திப் பொருத்தும் சட்டங்களில், பெரும்பகுதி தொடர்ந்து பயன்பட்டது. முற்றிலும் புதிய விமானமாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்காது. கனடாவில் கட்டப்பட்ட 430ஐயும் சேர்த்து மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் உருவாயின.

விமானக் கொட்டகையின் வாயில் அளவுதான் ஸ்டிர்லிங்கின் இறக்கையைக் குறுக்கியது என்பது உண்மையா?

ஸ்டிர்லிங்கின் இறக்கை 100 அடிக்குள் அடங்க வேண்டும் என்ற விதி இருந்தது உண்மை. அதற்குக் கொட்டகை வாயில்தான் காரணம் என்பது பல நூல்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு நிலைத்துவிட்ட கதை. அப்போது புதிதாகக் கட்டப்பட்டு வந்த கொட்டகைகளின் வாயில்கள் 100 அடியைவிட அகலமானவை. இறக்கையை வரம்புக்குள் வைத்தால் விமானத்தின் எடையும் வளராது என்ற எண்ணமே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

காரணம் எதுவாயினும் விளைவு கசப்பானது. குட்டையான இறக்கையால் ஸ்டிர்லிங் முழுச் சுமையோடு 17,000 அடியைத் தாண்டத் திணறியது. மற்ற விமானங்களுக்குக் கீழே தனித்துப் பறந்ததால் பீரங்கிகளுக்கும் இரவுப் போர் விமானங்களுக்கும் எளிய இலக்கானது. அதன் குண்டு அறை நெடுக்குவாட்டில் பிரிக்கப்பட்டிருந்ததால் 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட குண்டு அதில் நுழையாது; 1942க்குப் பிறகு வழக்கமாகிவிட்ட 4,000 பவுண்டுக் குண்டை அதனால் எடுத்துச் செல்லவே முடியவில்லை. 1943 நவம்பரில் ஜெர்மன் இலக்குகளுக்கு அதை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

லங்காஸ்டர் மேலானது என்று தெரிந்த பிறகும் ஹாலிஃபாக்ஸ் உற்பத்தியை ஏன் நிறுத்தவில்லை?

குண்டுவீச்சுப் படைத் தளபதி ஆர்தர் ஹாரிஸ் இதே கேள்வியைக் கோபத்தோடு கேட்டுக்கொண்டே இருந்தார். இழந்த ஒரு விமானத்துக்கு எத்தனை டன் குண்டு வீசப்பட்டது என்று கணக்கிட்டால் லங்காஸ்டர் ஹாலிஃபாக்ஸைவிட இரு மடங்குக்கு மேல் நின்றது. அவருடைய கணக்கு தவறல்ல. ஆனால் விமான உற்பத்தி அமைச்சகம் வேறொரு கணக்கைப் பார்த்தது.

ஹாலிஃபாக்ஸ் ஒரே இடத்தில் கட்டப்படவில்லை. ஹேண்ட்லி பேஜ், பிரெஸ்டனில் இங்கிலிஷ் எலக்ட்ரிக், கார் நிறுவனமான ரூட்ஸ், ஃபேரி, லண்டன் போக்குவரத்து அமைப்பை உள்ளடக்கிய ஒரு கூட்டு உற்பத்திக் குழு என ஐந்து இடங்களில் அது பரவியிருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் சிறு பாகங்கள் தரும் துணை ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள். ஒரு தொழிற்சாலை லங்காஸ்டருக்கு மாறுவதென்றால் ஜிக்குகளைப் பிரித்து, புதியவற்றைச் செய்து, தொழிலாளர்களுக்கு மீண்டும் கற்றுக்கொடுத்து, பல மாதங்கள் ஏறக்குறைய ஒன்றுமே தராமல் இருக்க வேண்டும். 1936இல் டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட கணக்கு இங்கே நினைவுகூரத்தக்கது: விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நூறாவது விமானத்துக்கு 100 பங்கு உழைப்பு என்றால், இருநூறாவதுக்கு 80, நானூறாவதுக்கு 64. வகையை மாற்றும் தொழிற்சாலை இந்தச் சரிவின் உச்சிக்குத் திரும்பிப் போகிறது. மாற்றமே நடக்கவில்லை என்பதல்ல. லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் ஸ்டிர்லிங்கிலிருந்து லங்காஸ்டருக்கு மாறியது, ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் தன் பழைய விட்லியைக் கைவிட்டு லங்காஸ்டரை எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் 1943ஆம் ஆண்டின் தாக்குதல்களுக்கு விமானமே இருந்திருக்காது.

எஞ்சின் இன்னொரு முடிச்சு. மெர்லினை ஸ்பிட்ஃபயர், மாஸ்கிட்டோ, லங்காஸ்டர் ஆகிய எல்லாமே கேட்டன. டெட்ராய்டின் பேக்கார்ட் நிறுவனம் அமெரிக்காவில் மெர்லினைச் செய்து தந்த பிறகே இறுக்கம் தளர்ந்தது. அதற்குக் காப்பாக பிரிஸ்டல் ஹெர்குலிஸ் எஞ்சின் கொண்ட லங்காஸ்டர் வகை ஒன்றும் 300 எண்ணிக்கையில் கட்டப்பட்டது. ஹாலிஃபாக்ஸின் மூன்றாம் வகையும் ஹெர்குலிஸுக்கே மாறியது. அதனால் மெர்லின் மிச்சமானது, விமானமும் வெகுவாகத் திருந்தியது. முந்தைய மெர்லின் ஹாலிஃபாக்ஸ்கள் 1944 பிப்ரவரி லைப்சிக் தாக்குதலின் பெரும் இழப்புக்குப் பிறகு ஜெர்மன் இலக்குகளிலிருந்து விலக்கப்பட்டன. மூன்றாம் வகை போரின் இறுதிவரை நின்றது.

விமானம் வீழ்ந்தால் உள்ளே இருந்தவர்களுக்கு எந்த விமானம் பாதுகாப்பானது?

அட்டவணைகள் கேட்காத கேள்வி இது. முதலில் கேட்கப்பட வேண்டியது என்றும் நினைக்கிறேன். குண்டுவீச்சுப் படையின் செயல் ஆய்வுப் பிரிவில் இளைஞராகப் பணியாற்றிய இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் பின்னாளில் எழுதியபடி, சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து ஏறத்தாழப் பாதிப் பேரும், ஹாலிஃபாக்ஸ், ஸ்டிர்லிங் ஆகியவற்றிலிருந்து நான்கில் ஒருவரும் உயிர் தப்பினார்கள். லங்காஸ்டரிலிருந்து தப்பியவர்கள் ஏழில் ஒருவர் மட்டுமே. பகலில் விழுவதற்கும் இரவில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு அமெரிக்கக் குழுக்களுக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் ஹாலிஃபாக்ஸும் லங்காஸ்டரும் ஒரே இரவில் பறந்தவை. லங்காஸ்டரின் தப்பும் கதவு ஹாலிஃபாக்ஸின் கதவைவிட இரண்டு அங்குலம் குறுகலாக இருந்தது. குளிராடையும் பாராசூட்டும் அணிந்த மனிதன் இருளில், சுழன்று விழும் விமானத்தில் அதன் வழியே வெளியேறுவது கடினம். நடு இறக்கையின் தடித்த குறுக்கு உத்தரத்தையும் ஏறித் தாண்ட வேண்டியிருந்தது.

கதவைச் சற்று அகலப்படுத்துவது பொறியியலில் பெரிய வேலையே அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தியை இதற்காகத் தொடுவதற்கு யாரும் முன்வரவில்லை. குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு அங்குலம் மன்னிக்கக்கூடியதாகத் தோன்றாது.

உற்பத்தித் திட்டங்கள் ஏன் எப்போதும் எட்டப்படாமலே போயின?

1941 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைத் தலைமை 4,000 கனரக விமானங்கள் கொண்ட முன்னணிப் படையைக் கேட்டது. அந்த எண்ணிக்கையை அது எந்நாளும் எட்டவில்லை. 1940 மே மாதத்திலேயே பீவர்புரூக் தலைமையிலான புதிய விமான உற்பத்தி அமைச்சகம், நாட்டைக் காக்கத் தேவையான ஐந்து வகை விமானங்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்ததால் கனரக விமானங்களின் வேலை பின்தள்ளப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் அதன் விலை ஓராண்டுக்குப் பிறகே வெளியே தெரிந்தது. ஷார்ட்ஸின் ரோசெஸ்டர் தொழிற்சாலை மீது அதே கோடையில் குண்டு விழுந்ததும் தாமதத்தை வளர்த்தது.

ஆழமான காரணம் வேறு. அமைச்சகம் வேண்டுமென்றே உயர்ந்த இலக்குகளை வைத்தது. எட்டாத உயரத்தில் இலக்கை வைத்தால் தொழிற்சாலைகள் கூடுதலாக உழைக்கும் என்று நம்பியது. ஆனால் உலோகத் தகடு, எஞ்சின், சக்கர அமைப்பு, துப்பாக்கிக் கூண்டு ஆகியவற்றை ஒதுக்குவதும் அதே இலக்கை வைத்தே நடந்தது. விமானம் பத்து வரும் என்று எண்ணி எஞ்சின் நாற்பது ஒதுக்கியிருக்க, உடற்பகுதி ஆறுதான் வந்தால், மிச்ச எஞ்சின்கள் ஒரு கிடங்கில் தூங்கும். அவற்றுக்காக ஏங்கும் இன்னொரு தொழிற்சாலை நின்றுபோகும். ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் அமைச்சரான பிறகு, 1943 தொடக்கத்தில், உண்மையில் எட்டக்கூடிய எண்களைக் கொண்ட திட்டம் வந்தது. இலக்கு தாழ்ந்தது, ஒருங்கிணைப்பு உயர்ந்தது.

உதிரி பாகங்கள் இன்னொரு தொல்லை. மாத இறுதியில் எண்ணப்படுவது முடிந்த விமானங்கள் என்பதால், உதிரியாக அனுப்ப வேண்டிய பாகத்தையும் விமானத்திலேயே பொருத்திவிடும் ஆசை எங்கும் இருந்தது. எண்ணிக்கை பெருகும், விமானத் தளத்திலோ ஒரு குழாய்க்காக மூன்று விமானங்கள் தரையில் நிற்கும்.

ஃபோர்டின் வில்லோ ரன் வெற்றியா தோல்வியா?

முதலில் தோல்வி, பின்பு வெற்றி. 1941 ஜனவரியில் ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன், சான் டியேகோவில் கன்சாலிடேட்டட் நிறுவனம் பி-24ஐக் கட்டுவதைப் பார்த்தார். வெயிலில், திறந்த வெளியில், ஒவ்வொரு விமானமும் சற்றே வேறுபட்டு உருவாவதைக் கண்டு, மணிக்கு ஒரு விமானம் தருவேன் என்று வாக்களித்தார். டெட்ராய்டுக்கு மேற்கே வில்லோ ரன்னில் ஆல்பர்ட் கான் வடிவமைத்த மாபெரும் தொழிற்சாலைக் கட்டடம் எழுந்தது.

ஆனால் 1942 முழுவதும் மிகச் சில விமானங்களே வந்தன. பக்கத்தில் வீடுகள் இல்லாததால் தொழிலாளர்கள் வெகுதூரம் பயணம் செய்தார்கள். வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. அதைவிட முக்கியமானது டை எனப்படும் அச்சு பற்றியது. விமானத் தொழிலில் தகட்டை வளைக்கும் டைகளை மென்மையான உலோகக் கலவையில் செய்வார்கள். வடிவம் மாறினால் உருக்கி மறுபடி வார்க்கலாம். ஃபோர்ட், கார்த் தொழிலின் வழக்கப்படி, கடினமான எஃகில் செய்தது. லட்சக்கணக்கில் ஒரே பாகம் வேண்டுமென்றால் அதுவே சிறந்த வழி. போர்க்களத்திலிருந்து வாரந்தோறும் திருத்தம் வரும் விமானத்துக்கு அது சுமையானது. வில்லோ ரன்னின் ஆரம்ப விமானங்கள் பல பயிற்சிக்கே அனுப்பப்பட்டன.

தீர்வு, திருத்தங்களைக் குறிப்பிட்ட தொகுதி எண்ணிக்கை முடியும்வரை உறையவைப்பதும், இடையில் வரும் திருத்தங்களைத் தனி மாற்றமைப்பு மையங்களில் செய்வதும் ஆகும். 1944இல் ஒரே மாதத்தில் 428 விமானங்கள் வெளிவந்தன. மொத்தம் 6,792 முழு விமானங்களும், பிற இடங்களில் பொருத்துவதற்காக 1,893 விமானங்களுக்கான பாகத் தொகுப்புகளும் அங்கிருந்து சென்றன. பி-24 எல்லாத் தொழிற்சாலைகளிலும் சேர்ந்து 18,000ஐத் தாண்டியது. வேறெந்தக் கனரக குண்டுவீச்சு விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. ஆனால் வில்லோ ரன் உச்சத்தை எட்டியபோது விமானங்களின் தேவை ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அந்தத் தாமதத்தை மறைத்துவிட்டு உச்ச எண்ணை மட்டும் சொல்வது நேர்மையான வரலாறு ஆகாது.

பறக்காத விமானத்தை நூற்றுக்கணக்கில் வாங்க ஒப்புக்கொண்டது அறிவீனமா?

பி-29 விஷயத்தில் அமெரிக்கா அதைத்தான் செய்தது. 1941 மே மாதத்தில் 250, 1942 ஜனவரியில் 500 என்று கொள்முதல் உயர்ந்தது. முதல் விமானம் பறந்ததோ 1942 செப்டம்பர் 21 அன்று. அழுத்தம் காக்கும் அறை, தொலைவிலிருந்து இயக்கும் துப்பாக்கிகள், புதிய ரைட் எஞ்சின் என எல்லாமே சோதிக்கப்படாதவை. எஞ்சின்கள் தீப்பற்றின, 1943 பிப்ரவரி 18 அன்று தலைமைச் சோதனை விமானி எடி ஆலனும் உடன் பறந்த அனைவரும் சியாட்டிலில் இறந்தார்கள், தரையிலும் பலர் மாண்டார்கள். 1944 மார்ச், ஏப்ரலில் கன்சாஸின் பனியில், திறந்த வெளியில் நிறுத்தப்பட்ட விமானங்களைத் தொழில்நுட்பர்கள் இரவு பகலாகச் சீர்செய்ய நேர்ந்தது.

இருந்தும், சோதனை முடிந்த பிறகுதான் தொழிற்சாலை கட்டுவோம் என்று காத்திருந்தால் பி-29 1945இல் பறந்திருக்காது. காலத்தைப் பணத்தாலும் உயிராலும் வாங்கிய முடிவு அது.

ஜெர்மனியிடம் இத்தகைய படை ஏன் இல்லை?

நீண்டதூரக் குண்டுவீச்சை ஆதரித்த, ஜெர்மன் விமானப்படைப் பணியகத் தலைவர் வால்டர் வெஃபர் 1936 ஜூன் 3 அன்று விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு டோர்னியர், யுங்கர்ஸ் நிறுவனங்களின் நான்கு எஞ்சின் விமானங்கள் கைவிடப்பட்டன. வெஃபர் உயிரோடு இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்பதை நான் ஏற்பதில்லை. அலுமினியம், எரிபொருள், எஞ்சின் ஆகியவை தரைப்படைக்குத் துணையான சிறு விமானங்களுக்கே போதாமல் இருந்தன. பின்னர் வந்த ஹைன்கல் 177 விமானத்திடம், அந்தப் பேருடல் செங்குத்தாகப் பாய்ந்தும் குண்டு வீச வேண்டும் என்று கேட்டார்கள். காற்றுத்தடையைக் குறைக்க இரண்டு எஞ்சின்களை ஒட்டி இணைத்து ஒரே விசிறியைச் சுழற்ற வைத்தார்கள். நெருக்கத்தால் அவை அடிக்கடி தீப்பிடித்தன. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டும், 1944 கோடையில் எரிபொருள் இன்மையால் பெரும்பாலானவை தரையிலேயே நின்றன.

லங்காஸ்டருக்குப் பதில் மாஸ்கிட்டோவையே கட்டியிருக்கலாம் அல்லவா?

இரண்டு எஞ்சின், இரண்டு பேர், 4,000 பவுண்டுக் குண்டுடன் பெர்லின்வரை சென்று வரும் வேகம், மிகக் குறைந்த இழப்பு: வாதம் வலுவானது. ஆனால் அந்தச் சுமையை மாஸ்கிட்டோ பெற்றது போரின் பிற்பகுதியில்தான். அது மரத்தால் ஆனது. அதற்குத் தேவை தச்சர்களும் பசைவேலை அறிந்தவர்களும் எக்குவடோரின் பால்சா மரமும். அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்கப் பழகியவர்களை ஒரே மாதத்தில் அங்கே மாற்ற இயலாது. 1941இல் எடுக்கப்பட்ட முடிவை 1944இன் அறிவால் தீர்ப்பிடுவது எளிது. அதற்காக, 1943க்குப் பிறகும் மாஸ்கிட்டோவின் பங்கை உயர்த்தத் தயங்கியதை நியாயப்படுத்த மாட்டேன்.

இந்த உற்பத்தித் திறனை வியந்து பேசுவது முறையா?

1943 ஜூலை இறுதியில் ஹம்பர்க்கில் 30,000க்கு மேற்பட்டோரும், 1945 மார்ச் 9–10 இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இந்த விமானங்களால் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண மக்கள். ஆலை மேலாளரின் மாத அறிக்கையும் அந்தத் தெருக்களும் ஒரே வரலாற்றின் பகுதிகள். ஒன்றைப் படிப்பவர் மற்றொன்றையும் படிக்க வேண்டும்.

நம் பகுதிக்கு இவற்றோடு தொடர்பு உண்டா?

உண்டு. பி-29களின் முதல் போர்த்தளங்கள் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றி அமைந்தன. அங்கிருந்து எரிபொருளை இமயத்துக்கு மேலே சீனாவுக்குக் கொண்டுசென்ற பிறகே ஜப்பானைத் தாக்க முடிந்தது. 1944 ஆகஸ்ட் 10 அன்று 50க்கும் மேற்பட்ட பி-29கள் திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து புறப்பட்டு, சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்க ஏறத்தாழ 4,000 மைல் சென்று திரும்பும் பயணத்தை மேற்கொண்டன. பிரிட்டிஷ் விமானப்படையின் 160ஆம் ஸ்குவாட்ரன் பி-24களுடன் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்து இந்தியப் பெருங்கடல் மேல் பறந்தது.

போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த பி-24களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் மீட்டுப் பழுதுபார்த்தது. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. கடைசி பி-24கள் 1968 இறுதியில்தான் ஓய்வு பெற்றன.